இந்தப் போஸ்ட்கார்டில் இருக்கும் கட்டடம் சேலத்தில் எங்கே இருந்தது?

குகைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம், குகை. கல்யாணம் ஆனதிலிருந்து ஈரோட்டில் இருக்கிறேன். போன மார்கழியில் அப்பா தவறிவிட்டார். எண்பத்தொன்பது வயது. அம்மாவை என்னோடு கூட்டிவந்துவிட்டேன். வீட்டை ஒழிக்கும்போது பரண் மேல் ஒரு பிஸ்கட் தகர டப்பா கிடைத்தது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி 43 கார்டுகள்.

பாதிக்கு மேல் சாதாரணத் தபால் கார்டு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணச் சேதி, ஓரத்தில் கறுப்பு மை பூசிய இழவுச் சேதி, நெல் மூட்டைக் கணக்கு, பொங்கலுக்கு வருகிறாயா என்ற விசாரிப்பு. பதினொன்று மட்டும் படக்கார்டு. ஏற்காடு ஏரி இரண்டு, மேட்டூர் அணை மூன்று, மதுரை, தஞ்சாவூர், இப்படி. எல்லாம் பார்த்தவுடன் எது என்று தெரிந்துவிட்டது. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைத்தான் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் கொஞ்சம் பழுப்பு. நடுவில் பெரிய வளைவு வாசல். இரண்டு பக்கமும் தூண். மேலே ஒரு வரிசையாக நாலு மாடம், ஒவ்வொரு மாடத்துக்கும் தாமரை இதழ் மாதிரி ஒரு முகடு. அதற்கு மேல் வலது ஓரத்தில் குமிழ் வைத்த ஒரு கோபுரம். மாடங்களுக்கு நடுவே உள்ள ஜன்னல் வழியாக வானம் தெரிகிறது, அதனால் கூரை விழுந்த கட்டடமோ என்று நினைத்தேன். ஆனால் முன்சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை, பாசி இல்லை, மழைத்தண்ணீர் வழிந்த கறை இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் பனியன் போட்ட ஓர் ஆள் நிற்கிறார், முகம் கலங்கலாக இருக்கிறது. பின்னால் தூரத்தில் மலை.

பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. ஆட்டையாம்பட்டியில் இருந்த என் தாத்தாவுக்கு எழுதியது. தாத்தா தேர் வேலை செய்த ஆசாரி. அப்பாவும் ஆசாரிதான். குகையில் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் கடை வைத்திருந்தார். கடை வைப்பதற்கு முன்னால் சேலத்தில் ஏதோ கம்பெனியில் இருந்ததாகச் சொல்வார். அதைப்பற்றி அதற்கு மேல் பேச்சு இருக்காது.

நான் சும்மா கேட்கவில்லை, நடந்து தேடிவிட்டுத்தான் கேட்கிறேன். போன வாரம் இரண்டு நாள் சேலத்தில் தங்கி, இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். கோட்டைப் பக்கம் முழுக்கப் பார்த்தேன். கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்த கிறிஸ்து ஆலயத்தின் முகப்பு இது இல்லை, அது வேறு மாதிரி. வ.உ.சி. மார்க்கெட் பக்கம் பூக்கடைக்காரர்களிடம் காட்டினேன். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தேன். அதையே இடித்துவிட்டு இரண்டடுக்கில் புதிதாகக் கட்டிவிட்டார்கள், எனக்கு எந்த மூலையில் எந்தக் கடை இருந்தது என்பதே குழம்பிவிட்டது. முதல் அக்ரஹாரத்தில் ஒரு பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரே இல்லம்மா" என்றார்.

ஆனால் அப்பா சேலத்தில் இருந்துதான் எழுதியிருக்கிறார். இந்தக் கட்டடத்தை அவர் தன் அப்பாவுக்குக் காட்ட நினைத்திருக்கிறார். அது எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

லீ பஜார் எழுதியது:

வணக்கம் அம்மா. அப்பாவுக்கு என் அஞ்சலி. எனக்கு வயது 76, செவ்வாய்ப்பேட்டையிலேயே பிறந்து இங்கேயே இருக்கிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாமரை முகடு வைத்த மாடம் என்றால் எனக்கு இரண்டு வகைதான் நினைவுக்கு வருகிறது. ஒன்று, சத்திரம். இன்னொன்று, மண்டி வைத்துச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடு. லீ பஜாரில் பருப்பு, மஞ்சள், வெல்லம் என்று வியாபாரம் கொழித்த காலத்தில் முகப்புக்கென்றே தனியாகப் பணம் செலவழித்தார்கள். உள்ளே போனால் சாதாரண மூட்டைக் கிடங்காக இருக்கும், முகப்பில் மட்டும் யானை, கிளி, தாமரை, லட்சுமி எல்லாம் சுதையில் இருக்கும். முன்னால் ஆள் படுக்கிற அகலத்துக்குத் திண்ணை. சேலம் மார்க்கெட் ஸ்டேஷனில் விருத்தாசலம் மீட்டர் கேஜ் வண்டிக்கு வந்தவர்கள் அந்தத் திண்ணையில்தான் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். அப்புறம் ரோட்டை அகலமாக்கும்போது முதலில் போனது திண்ணை. திண்ணை போன பிறகு முகப்பும் நிற்கவில்லை. ஷட்டர் போட்டுவிட்டார்கள்.

உங்கள் படம் அப்படி ஒரு மண்டி வீடாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இது தனியாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு சுவர்கூட இல்லை. அந்த மலை எது என்று யாராவது சொன்னால் தேவலை.

*

சூரமங்கலம் தபால் எழுதியது:

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷமாகப் பழைய கார்டு சேர்க்கிறேன். கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, கார்டைக் கொண்டு காலத்தைச் சொல்ல முடியும். அதற்குப் பின்பக்கம் வேண்டும். சகோதரி, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள். கீழ்க்கண்டதைப் பாருங்கள்.

முதலில், படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் கிளைன் போன்றவர்கள் போட்ட கார்டுகள் அப்படித்தான், பல ஜெர்மனியில் அச்சாகி வந்தவை. புள்ளியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் நேராக நெகட்டிவிலிருந்து போட்ட போட்டோ. பின்பக்கம் போஸ்ட்கார்டு என்று அச்சிட்ட படத்தாளே கடையில் கிடைத்தது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருவர் ஒரே படத்தில் நாலு பிரதி போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பிவிடலாம். அந்த வகை என்றால் உங்களிடம் இருப்பது உலகத்திலேயே ஒன்றாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது தபால் தலை. நம் நாட்டில் தபால் கார்டு வந்தது 1879 ஜூலை 1. காலணா. அந்தக் காலணாவே 1922 வரை மாறவில்லை, அதன் பிறகு அரையணா ஆனது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. மெட்ராஸ் ஸ்டேட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன்னால், அந்த ஜனவரியில்தான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரியவர்கள் பழக்கத்தில் அதற்குப் பிறகும் மெட்ராஸ் என்றே எழுதியிருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் நம்பக்கூடாது. முத்திரைதான் நிச்சயம். முத்திரை மங்கலாக இருந்தால் கார்டைச் சாய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மை போயிருந்தாலும் அழுத்தம் தெரியும்.

தயவுசெய்து தபால் தலையைப் பிரித்து எடுக்காதீர்கள்.

*

குகைக்காரி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை, வழவழப்புதான். தபால் தலையில் இந்தியா வரைபடம், 5 நயா பைசா. முத்திரையில் ஆங்கில எழுத்தில் சேலம் என்பதும் 59 என்பதும் நன்றாகவே தெரிகிறது. பின்கோடு இல்லை. "ஆட்டையாம்பட்டி, சேலம் ஜில்லா" அவ்வளவுதான் முகவரி.

1959 என்றால் அப்பாவுக்கு இருபத்துநாலு வயது. கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னால்.

எழுதியிருப்பதையும் அப்படியே கீழே தருகிறேன். பென்சிலால் எழுதி, அதன் மேல் மையால் எழுதியிருக்கிறார்.

"அன்புள்ள அப்பாவுக்கு, நலம், நலமறிய ஆவல். வேலை முடிந்துவிட்டது. மேல் வரிசை மாடம் நாலும் என் கை. இன்னும் பத்து நாள்தான் இருக்கும். முடிந்தால் வந்து பார்த்துப் போகவும். அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?"

பத்து நாள்தான் இருக்கும் என்றால் இன்னும் பத்து நாள் வேலை பாக்கி இருக்கும் என்று புரிந்துகொண்டேன். ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டாரே. அது பொருந்தவில்லை. மாடம் அவர் கை என்றால் மரத்தில் செய்ததா? படத்தில் பார்த்தால் கல் மாதிரியோ சுதை மாதிரியோதான் இருக்கிறது. அப்பா சுதை வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அங்குலத்துக்கு 1200 புள்ளி வைத்து மறுபடியும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். வலது பக்கத்து மலையும், அந்த ஆளும், தரையும் இப்போது தெளிவாக இருக்கிறது. அந்த ஆள் சுவரில் சாய்ந்து நிற்கிறார் என்று நினைத்தேன். இல்லை. தோளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் வெளிச்சம் தெரிகிறது.

*

மலைவண்டி எழுதியது:

அக்கா, கட்டடம் எனக்குத் தெரியாது, மலை தெரியும். பதினெட்டு வருஷமாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மளிகையும் காய்கறியும் ஏற்றிப் போகிறேன். விடியற்காலை நாலரைக்கு லோடு ஏற்றினால் அடிவாரம் வரும்போது மலை வெளுக்க ஆரம்பிக்கும். தினம் பார்க்கிற மலையை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான், அதனால் எல்லோரும் குழம்பிவிடுகிறார்கள். தெற்கே ஜருகுமலை, கிட்டத்தில் இருக்கும், நீளமாகப் படுத்த மாதிரி. மேற்கே கஞ்சமலை, தனியாக உட்கார்ந்திருக்கும். வடக்கே நகரமலை, அதற்குப் பின்னால் சேர்வராயன். உங்கள் படத்தில் உச்சி கூம்பாக இல்லை, மேலே தட்டையாக ஒரு சுவர் மாதிரி நீண்டு போகிறது. அது சேர்வராயன்தான். சந்தேகமே இல்லை. மேலே ஏறிப் போனால் 20 கொண்டை ஊசி வளைவு, உச்சியில் 1500 மீட்டருக்கு மேல், ஆனால் கீழே இருந்து பார்த்தால் மேசை மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று. படத்தில் மலை பெரிதாக இருக்கிறது. குகையிலிருந்தோ செவ்வாய்ப்பேட்டையிலிருந்தோ எடுத்தால் இவ்வளவு பெரிதாக வராது. அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு, கன்னங்குறிச்சி பக்கம் வந்தால்தான் இந்த அளவு வரும். இன்று காலையில் லோடு ஏற்றும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, உங்கள் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், அது கோரிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் அப்படியே விழுகிறது. ஏற்காடு ரோட்டின் மேல்தான் எடுத்திருக்கிறார்கள்.

அந்த ரோட்டில் பழைய கட்டடம் என்று இப்போது எனக்குத் தெரிந்தது ஒரு வளைவுதான். அது இந்த வளைவு மாதிரி இல்லை.

(ஏற்காட்டிலும் இப்படிக் காணாமல் போன பங்களாக்கள் உண்டு அக்கா. காப்பித் தோட்டத்துக்குள் போனால் செடிகளுக்கு நடுவில் சமையல்கட்டுப் புகைபோக்கி மட்டும் நிற்கும். இன்னொரு நாள் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.)

*

வடபழனி சேலத்தான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கட்டடத்தைத் தேடி ஊரெல்லாம் நடந்திருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. நான் சென்னையில் நாற்பது வருஷம் சினிமா செட் வேலை பார்த்தவன். மோல்டிங். இது கட்டடம் இல்லை. செட்.

எப்படிச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

மலை வடக்கே என்றால் கேமரா வடக்குப் பார்த்து நிற்கிறது. வலது பக்கம் கிழக்கு. வெயில் வலது பக்கத்திலிருந்து வருகிறது, அப்படியென்றால் காலை நேரம். இப்போது தரையில் விழும் நிழலைப் பாருங்கள். நாலு சுவர் உள்ள வீடு என்றால் இடது பக்கம் பட்டையாக, வீட்டின் ஆழத்துக்கு நிழல் விழ வேண்டும். இங்கே ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது, கயிறு போட்ட மாதிரி. பின்னால் வீடே இல்லை. முன்சுவர் மட்டும்.

ஜன்னலில் வானம் தெரிவது அதனால்தான். கூரை இடியவில்லை, கூரை போடவே இல்லை.

வெயில் சுவரை உரசிக்கொண்டு போவதால் இன்னொன்றும் தெரிகிறது. வளைவுக்கு இடது பக்கம் மேலிருந்து கீழே நேராக ஒரு மெல்லிய கோடு. அது விரிசல் இல்லை, இரண்டு பலகை சேரும் இடம். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, அதன் மேல் கித்தானோ பலகையோ இழுத்து, மேலே பூச்சு. மாடமும் தாமரையும் வேறு. முதலில் மரத்தில் செதுக்குவார்கள். அதை வைத்து அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆப் பாரிஸில் தேங்காய் நாரைப் போட்டு வார்த்து, காய்ந்ததும் ஆணியில் மாட்டுவார்கள். நாலு மாடமும் ஒரே அச்சு. மூன்றாவது மாடத்தில் ஒரு இதழ் கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, அச்சிலிருந்து எடுக்கும்போது உடைந்திருக்கும். மூல மாடத்தை மரத்தில் செதுக்கியது ஆசாரி. உங்கள் அப்பா.

சுவரின் அடியைப் பாருங்கள். தரைக்கும் சுவருக்கும் நடுவே இருட்டாக ஒரு சந்து ஓடுகிறது. அஸ்திவாரம் உள்ள சுவரில் அது வராது. முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆள் சாய்ந்து நிற்காததும் அதனால்தான். செட்டில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, சுவரில் சாயாதே என்பது.

இனி இடம். 1959-ல் சேலத்தில், ஏற்காடு ரோட்டில், கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம், சினிமா செட் போட்ட இடம் ஒன்றுதான். மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரத்தின் கம்பெனி. 1930-களின் நடுவில் ஆரம்பித்து நூற்றுக்கு மேல் படம் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல் அவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழு வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அவர்களுடையது. கலைஞர், கண்ணதாசன் எல்லாம் அங்கே எழுதியவர்கள். கோடம்பாக்கம் போகாமலேயே ஒரு படத்தை முழுதாக முடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பும் வசதி அந்த ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தது. எழுதுகிறவரிலிருந்து ஆணி அடிக்கிறவர் வரை. என் குருநாதர் அங்கே தொழில் கற்றவர். அவர் கம்பெனி என்றுதான் சொல்வார். பேர் சொல்ல மாட்டார்.

கடைசியாக அந்த வரி. "இன்னும் பத்து நாள்தான் இருக்கும்." தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் இருப்பேன் என்று எழுதியிருப்பார். அவர் கட்டடத்தைச் சொல்கிறார். பத்து நாள் ஷூட்டிங். அதற்குப் பிறகு பிரித்துவிடுவார்கள். கட்டையும் ஆணியும் அடுத்த செட்டுக்கு, பூச்சு குப்பைக்கு. அதற்குள் வந்து பார்த்துவிடு என்று தன் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

*

லீ பஜார் எழுதியது:

அம்மா, நான் மண்டி வீடு என்று சொன்னது தப்பு. தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்து, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

1959-ல் எனக்குப் பத்து வயது. கன்னங்குறிச்சியில் பெரியம்மா வீடு. லீவுக்கு அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவேன். ஏற்காடு ரோட்டில் அந்த நீளமான மதில் வந்ததும் அண்ணன் மிதிப்பதைக் குறைத்துவிடுவார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஒரு தடவை கோபுரம் தெரியும். அடுத்த தடவை கோபுரம் இருக்காது, கோட்டைக் கொத்தளம் இருக்கும். இன்னொரு தடவை ஒன்றுமே இருக்காது, மலை மட்டும் இருக்கும். நான் அதைப் பெரியம்மாவிடம் சொல்லி, கோட்டை எங்கே போச்சு என்று கேட்பேன்.

இந்தக் குமிழ் வைத்த கோபுரத்தை நான் பார்த்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். பார்த்திருக்கலாம் என்று நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது. இன்று அந்த இடத்தில் வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே முழுக்க வீடுகள். மலைவண்டித் தம்பி சொன்ன வளைவு அதுதான்.

*

சூரமங்கலம் தபால் எழுதியது:

சகோதரி, ஸ்டுடியோவில் ஸ்டில் எடுப்பவர் மீதி இருந்த படத்தாளில் போட்டுக் கொடுத்ததாகத்தான் இருக்கும். அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், வேர்த்து ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாத காகித உறையில் வையுங்கள். டப்பாவில் மீதிக் கார்டுகளையும் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். கடிதம் போனால் பதில் வந்திருக்கும்.

*

குகைக்காரி எழுதியது:

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வடபழனி அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எண்பத்துமூன்று. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உனக்குச் சொல்லக் கூடாதுன்னு இல்ல. சொல்லாமயே இருந்துட்டோம்" என்றார்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்குச் சினிமா கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தால் அம்மாவின் அப்பா பெண் கொடுத்திருக்க மாட்டாராம். அதனால் மரக் கம்பெனி என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தார். அம்மாவுக்கே முதல் குழந்தை பிறந்த பிறகுதான் விஷயம் தெரியும். அதற்குள் மாமனாரிடம் சொன்னதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. அம்மாவின் அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் பழகிவிட்டது போல.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். முகம் தெரியாத அந்த ஆளை விரலால் தொட்டு, "இவருதான்" என்றார். எப்படி என்று கேட்டேன். ஆசாரியின் மரச் சுத்தியல், கொட்டாப்புளி, இடது கையில் இருக்கிறது. நான் அதை ஏதோ பை என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்கு இடது கைப் பழக்கம்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும், புது வீடு, கல்யாண மண்டபம், பேங்க், எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். டொக் டொக். கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஆஸ்பத்திரியில் கடைசி முறை சேர்த்தபோதும் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டினார். நர்ஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆசாரி அல்லவா, மரமா என்று பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷமும்.

தபால் ஐயா சொன்னபடி எல்லாக் கார்டையும் தரையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்கினேன். மஞ்சள் தடவியது ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், மீதியை வருஷ வரிசையில். 1959-ல் ஆறு கார்டு. அதில் தாத்தா எழுதியது ஒன்று. இதை நான் முன்னாலேயே படித்திருக்கிறேன், ஏதோ வந்த பார்சலைப் பற்றி என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். முத்திரையில் ஆட்டையாம்பட்டி, படக்கார்டு போனதற்கு மூன்றாம் நாள். தாத்தாவுக்கு எழுத்து குண்டு குண்டாக இருக்கும். நாலே வரி.

"கார்டு கிடைத்தது. அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. வியாழன் முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். நான் வந்து பார்க்கும் வரை பிரிக்க வேண்டாம் என்று உன் முதலாளியிடம் சொல்லி வை."

அம்மாவிடம் கேட்டேன், தாத்தா போய்ப் பார்த்தாரா என்று. பார்த்தார், உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் சொல்லி, அப்பா ஓடிவந்து கூட்டிப்போனார், நாலு மாடத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவதில் இதழ் உடைந்திருக்கிறதே என்று கேட்டாராம். அப்பா இதை அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாசம் அம்மாவைச் சேலம் கூட்டிப்போகிறேன். அந்த வளைவைப் பார்க்க வேண்டும் என்கிறார். மலைவண்டித் தம்பி, நீங்கள் வண்டியை நிறுத்திப் பார்த்த இடம் எது என்று அடையாளம் சொன்னால் அங்கேயும் அம்மாவை ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டுவேன். லீ பஜார் ஐயா, டப்பாவில் சேலம் மார்க்கெட் ஸ்டேஷன் என்று பின்னால் எழுதிய ஒரு படமும் இருக்கிறது, கார்டு இல்லை, சின்ன போட்டோ. திண்ணையில் மூட்டையோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் செய்து போடுகிறேன்.